19 அங்குலம்

ஃபர்னிச்சர் கடையில் எந்தக் கட்டிலும் சின்னதாகத்தான் தெரியும். கடையே 50 அடி நீளம், மேலே பார்த்தால் ஃபால்ஸ் சீலிங், சுற்றிலும் லைட். அதுக்கு நடுவில் கிங் சைஸ் கட்டிலைப் போட்டால் அதுவும் அடக்க ஒடுக்கமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து இறங்கினதும்தான் அது ரூமை விழுங்க ஆரம்பிக்கும்.

சிங்கப்பெருமாள் கோவிலில் நாங்கள் புதுசாகக் குடிவந்த ஃபிளாட்டுக்குக் கட்டில் பார்க்கப் போனபோது அப்பாவின் கண் கிங் சைஸ் மேலேயே இருந்தது. "வாங்குறது ஒரே தடவை. பெருசாவே வாங்கிப் போட்ருவோம்" என்றார். 26 வருஷம் வாடகை வீட்டில் இருந்த மனுஷர். பெரிய கட்டில் என்பது அவருக்குச் சொந்த வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்து வர வேண்டிய ஒரு பொருள். அந்த ஆசை எனக்கும் புரிந்தது. ஆனால் அந்த ரூமில் படுக்கப்போவது பாட்டியும் அம்மாவும். பாட்டிக்குப் போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. வாக்கர் இல்லாமல் நாலடி நடக்க மாட்டாங்க. ராத்திரி ரெண்டு தடவையாவது பாத்ரூமுக்கு எழுந்திருப்பாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "இன்னொரு தடவை கீழ விழாமப் பாத்துக்கங்க."

அதனால் நான் டேப்பை எடுத்தேன். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வீட்டில் கிடைக்கும் ஒரே மரியாதை இதுதான்.

பில்டர் கொடுத்த பிளானில் ரூம் 10-க்கு 10. அளந்தால் நீளம் 10 அடி சரியாக வந்தது. அகலம் 9 அடி 6 அங்குலம்தான். பூச்சும் டைல்ஸ் ஸ்கர்ட்டிங்கும் பிளானில் வராது, ஆனால் கட்டில் கால் போய் முட்டுவது அதில்தான். அங்குலக் கணக்கில் எங்க ரூம் 120-க்கு 114. கிங் சைஸ் மெத்தை 78-க்கு 72. கட்டை, சட்டம் எல்லாம் சேர்த்தால் கட்டில் 81-க்கு 75. வடக்கே தலை வைக்கக் கூடாது, அதனால் தெற்குச் சுவரில் தலைமாடு. கட்டிலைக் கிழக்குச் சுவரை ஒட்டித் தள்ளியாச்சு. எதிரே கன்னி மூலையில் அம்மாவின் ஸ்டீல் பீரோ, ஆழம் 20 அங்குலம். இப்போ கழித்துப் பாருங்க: 114-இல் 75 போச்சு, 20 போச்சு. மிச்சம் 19.

"பீரோக் கதவு 18 அங்குலம்தானேடா? திறக்குதில்ல?" என்றார் அப்பா. திறக்கும். கதவு திறக்கும், ஆனால் அதைத் திறக்கிற ஆள் எங்கே நிற்பது? பாட்டியின் வாக்கர் அகலம் 24 அங்குலம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாக்கரை முன்னால் வைத்து, ரெண்டு கையையும் ஊன்றி எழுந்தால்தான் அவங்களால் நிற்க முடியும். 19-இல் வாக்கர் நுழையவே நுழையாது.

செகண்ட் இயரில் மெஷின் டிராயிங் எடுத்த சார் ஷாஃப்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில் விடுகிற கிளியரன்ஸ் பற்றிச் சொல்லும்போது, அதை மிச்சம் என்று நினைக்காதே, அதுவும் டிசைன்தான் என்பார். மார்க்குக்காக எழுதி வைத்தது. அந்த ரூமில் நின்றபோதுதான் அதுக்கு உயிர் வந்தது. ஷாஃப்ட் சுத்தணும்னா கிளியரன்ஸ் வேணும். மனுஷன் நடக்கணும்னாலும் அதேதான்.

தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் குடியிருக்கும் அறைக்குக் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. ரெண்டு அறை இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இன்னொன்று 7.5-க்குக் குறையக் கூடாது. எங்க ரூம் 8.8 சதுர மீட்டர், அதாவது 95 சதுர அடி. கிங் சைஸ் கட்டில் மட்டும் 42 சதுர அடி, பீரோ 5. பாதி ரூம் காலி. ரூமுக்கு விதி போட்டவங்க அதுக்குள்ள நாம எதைக் கொண்டுபோய்த் திணிப்போம்னு பார்க்கப்போறதில்லை. சக்கர நாற்காலி போகிற வழிக்கு மட்டும் 900 மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு, ஏறக்குறைய 3 அடி. பாட்டிக்கு நான் மனசில் வைத்திருந்தது அதைத்தான்.

நம்பர் சொன்னால் வீட்டில் யாரும் கேட்க மாட்டாங்க. அம்மாவிடம் கோலமாவு வாங்கி, கட்டில் வரப்போகிற இடத்தில் 81-க்கு 75 கோடு போட்டேன். பீரோவுக்கும் ஒரு கட்டம். "என்னடா, கட்டம் போட்டு என்னைப் பாண்டி ஆடச் சொல்றியா?" என்று பாட்டி வாக்கரோடு வந்தாங்க. கோட்டை மிதிக்காம நடந்து காட்டுங்க என்றேன். ரெண்டாவது அடியிலேயே வாக்கர் கால் கோலமாவில் இழுத்துக்கொண்டு போனது. அப்பா கொஞ்ச நேரம் அந்த அழிந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுக்கப்புறம் கிங் சைஸ் பேச்சை எடுக்கவில்லை.

பாட்டிக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் சிரிப்பு. இங்கே பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குடைவரைக் கோயில். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால் கருவறையைச் சுற்றி வர வழி கிடையாது. பெருமாளைச் சுற்றணும்னா அந்தச் சின்ன மலையையே சுற்றணும். "பெருமாளுக்கே சுத்தி வர இடம் விடல, எனக்கு எதுக்குடா இத்தனை அங்குலம்?" என்று கேட்டாங்க. "பெருமாள் ராத்திரில பாத்ரூம் போறதில்லையே பாட்டி" என்றதுக்குத் தலையில் ஒரு குட்டு.

அடுத்த சண்டை உயரம். கடைக்காரர் அடியில் ஸ்டோரேஜ் வைத்த கட்டிலைத்தான் காட்டிக்கொண்டே இருந்தார். சின்ன வீட்டுக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெத்தையோடு அது 25 அங்குலம். பாட்டி உட்கார்ந்தால் பாட்டிக்கு முழங்கால் வரைக்கும் உயரம் 17 அங்குலம்தான். கால் தரையில் படாமல் தொங்கும். தொங்குகிற காலை வைத்து எப்படி எழுவது? ஸ்டோரேஜ் இல்லாத, 5 அடி அகலக் குயின் சைஸைத் தேர்ந்தெடுத்தோம். மெலிசான மெத்தையோடு உயரம் 18.

பீரோவை ரூமைவிட்டே வெளியே எடுக்கணும் என்றபோது அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கடைசியில் அது எங்க ரூமுக்கு வந்தது. எனக்கும் தம்பிக்கும் இருப்பது அதைவிடச் சின்ன ரூம். என் படிப்பு மேஜை போச்சு. அதுக்குப் பதிலாக ஆசாரி சுவரில் கீல் போட்டு, மடக்கி நிறுத்தும் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தார். இந்தக் கட்டுரையை அந்தப் பலகையில்தான் டைப் பண்றேன். சட்டையெல்லாம் அந்துருண்டை வாசம்.

கட்டில் வந்த அன்னிக்கு லிஃப்ட்டில் ஏறவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் தலைமாட்டுப் பலகையை வைத்துக்கொண்டு ரெண்டு பேர் "சாய்ச்சுத் தூக்கு, சாய்ச்சுத் தூக்கு" என்று கால் மணி நேரம் போராடினாங்க. இதையே ஒரு கணிதப் புதிராக 1966-இல் லியோ மோசர் கேட்டிருக்கிறார்: ஒரு அலகு அகலமுள்ள நடை 'எல்' வடிவத்தில் திரும்பும்போது, அதில் திருப்பிக் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய சோஃபாவின் பரப்பு எவ்வளவு? 1992-இல் கெர்வர் என்பவர் சுமார் 2.2195 என்று ஒரு வடிவம் கொடுத்தார். அதுக்கு மேல் முடியாது என்பதற்கு நிரூபணத்தைத் தென்கொரியாவின் ஜினியோன் பேக் 2024-இல்தான் வெளியிட்டார். எங்க கட்டில் கழற்றி மாட்டும் ரகம் என்பதால் எங்களுக்கு அவ்வளவு வருஷம் ஆகவில்லை.

இப்போ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே 51 அங்குலம். வாக்கர் திரும்பவே செய்யும். பின்னாலேயே அம்மாவும் போகலாம். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் கை பரபரக்கும். "சும்மாத்தானே கெடக்கு, ஒரு சின்ன டீப்பாய் மட்டும்..." என்று ஆரம்பிப்பார். பாட்டி எதுவும் சொல்வதில்லை. வாக்கரை எடுத்துவந்து நடுவில் நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாங்க.