பிள்ளையின் விடையும் பெரியோரின் வினாவும்

பிள்ளை தவறான விடை கூறும்போது பெரியோர் அதனைத் திருத்துவர், அன்றேல் நகைப்பர். அத்தவறு எவ்வாறு பிறந்தது என ஆராய முற்படுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதன்மையானவர் சுவிற்சலாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980). பாரிஸ் நகரிலே நுண்மதிச் சோதனைகளைத் தரப்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்த காலத்தில், ஒத்த வயதுப் பிள்ளைகள் ஒரே வகையான தவறுகளைச் செய்வதை அவர் கண்டார். எனவே, சரியான விடைகளை எண்ணுவதோடு அமையாது, பிள்ளைகளோடு உரையாடி, அவர்தம் விடைக்கேற்ப அடுத்த வினாவை அமைக்கும் முறையைக் கையாண்டார். தம் மக்கள் மூவரையும் மழலைப் பருவந்தொட்டு அவதானித்துக் குறிப்புகளும் எழுதினார்.

அவரது சோதனைகளுள் ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. சம எண்ணிக்கையான வில்லைகள் இரு வரிசைகளாக வைக்கப்படும். இரண்டும் சமமென்று பிள்ளை ஒப்புக்கொண்டதும், ஆய்வாளர் ஒரு வரிசையை அகலப் பரப்பி, அதே வினாவை மீண்டும் கேட்பார். நீண்ட வரிசையிலேயே வில்லைகள் அதிகம் என்பர், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலர். இடம் மாறினும் எண் மாறாது என்பதை இவர்கள் இன்னும் உணரவில்லை என்பது பியாஜேயின் முடிபு.

1974இல் ஜேம்ஸ் மக்கரிகிள், மார்கிரட் டொனால்ட்சன் ஆகியோர் இதனைச் சிறிது மாற்றி அமைத்தனர். வரிசையைக் கலைத்தது ஆய்வாளரின் கையன்று. ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. இப்போது சரியான விடை கூறிய பிள்ளைகளின் தொகை பெரிதும் உயர்ந்தது. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு முன்னர் கேட்டதையே மீண்டும் கேட்டால், அவர் வேறு விடையை எதிர்பார்க்கிறார் எனப் பிள்ளை கருதுதல் இயல்பன்றோ? கரடியின் குறும்பு பிள்ளைகளின் கவனத்தைக் கலைத்திருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றமையும் உண்மையே. ஆயினும் டொனால்ட்சன் எழுப்பிய ஐயம் அதனால் அற்றுப்போகவில்லை.

இது உளவியலாளரின் ஆய்வுகூடத்தோடு முடியும் விடயமன்று. ஆசிரியர் ஒரே வினாவை இருமுறை கேட்பின், முதல் விடை பிழையென மாணவன் எண்ணி, அறிந்ததையும் கைவிடுகிறான். நீதிமன்றிலே சாட்சி கூறும் சிறுவனும் அவ்வாறே தன் கூற்றை மாற்றக்கூடும். அங்கே ஒரு மனிதனின் விடுதலையே அவ்விடையில் தங்கியிருக்கலாம்.

பிள்ளைக்கு 'இயலாது' என்று எழுதுமுன், கேட்டவர் தம் வினாவையும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். அளவுகோலின் குறையை அளக்கப்பட்டவர்மீது சுமத்துதல் அறிவியலுமன்று, அறமுமன்று.