மாலை ஐந்து மணிக்கு மேல்

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களிடம் இப்போது "எத்தனை பேப்பர்?" என்றுதான் கேட்கிறார்கள். யாருக்கு எதைப் புரியவைத்தாய் என்று கேட்க ஆளில்லை. உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக, நான்காண்டு அனுபவத்தோடு இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. இரண்டுதானே என்று தோன்றும். புறநோயாளிகள், முகாம், விடைத்தாள், பதிவேடு எல்லாம் முடிந்து மிஞ்சுகிற மாலையில்தான் அவற்றை எழுத வேண்டும்.

அந்த மாலை யாருடையது என்பதுதான் என் கேள்வி.

நான் சமூக மருத்துவம் கற்பிக்கிறேன். ஐந்து மணிக்கு மேல் என் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தபின் அரசுப்பள்ளிப் பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள். "வகுப்புல கேட்டா சிரிக்கிறாங்க மேடம்" என்றான் ஒருவன். பீடி பிடிக்கிறவர்கள், பிடிக்காதவர்கள் என்று நாலு கட்டம் போட்டு ஆட்ஸ் ரேஷியோவை விளக்க முக்கால் மணி நேரமானது. மறுநாள் தன் தெருவையே அதே கட்டத்துக்குள் எழுதிக்கொண்டு வந்தான். இந்த முக்கால் மணி நேரத்துக்கு என் பதவி உயர்வில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இது ஆசிரியரின் சொந்தக் கஷ்டம் மட்டுமல்ல தோழர்களே. டெல்லி எய்ம்ஸில் விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று எஸ்சி, எஸ்டி மாணவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் அதில் சொல்லியிருந்தார்கள். வசதியுள்ள பிள்ளைக்கு மாமாவே டாக்டர். நம் பிள்ளைக்கு ஆசிரியரின் நேரத்தை விட்டால் வேறு வழியில்லை.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1917இல் சாதி பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார், அடுத்த ஆண்டே சிடன்ஹாம் கல்லூரியில் பாடமும் நடத்தினார். எண்ணிக்கைக்காக எழுதுவதுதான் பிரச்சினை. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்கியதே, அத்தனை கடைகளுக்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? காசு கட்டிப் போட முடிந்தவருக்கு அது எளிது. கல்விக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நம் ஆசிரியருக்கு?

போன முறை சுயமதிப்பீட்டுப் படிவத்தோடு என் மாலை வகுப்புகளின் பட்டியலையும் தேதிவாரியாக இணைத்துக் கொடுத்தேன். இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லைதான். இந்த ஆண்டும் கொடுக்கப் போகிறேன். படிக்கிற நீங்களும் எந்த ஆசிரியர், எந்த நாள், எவ்வளவு நேரம் என்று குறித்துவைத்து, மாணவர் அமைப்பின் பெயரில் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.