பெயருக்கு என்ன விலை?

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வேலை என்றால் நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் மாமியார்கூட, "உனக்கென்னம்மா, நாலு வீட்டிலே போய் உட்கார்ந்து பேசினா காசு" என்பார். பேச்சு கடைசியில்தான் வருகிறது சகோதரிகளே! முதலில் வேண்டியது பெயர். யார் வீட்டில் போய் உட்காருவது?

பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய புதிதில் பெயருக்குப் பஞ்சமே இராது. சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன், கூடப் படித்தவள், பால்காரரின் மகன் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். மூன்றாவது மாதம் நோட்டுப் புத்தகம் காலி. கல்யாண வீட்டில் நம்மைக் கண்டால் உறவுக்காரர்கள் அடுத்த வரிசைக்கு எழுந்து போய் உட்காருவார்கள். பெயர் விற்கிறவர்கள் சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் வருவார்கள். "வரன் லிஸ்ட்" மாதிரி இது ஒரு லிஸ்ட். பெயர், வயது, போன் நம்பர், உத்தேசச் சம்பளம். ஒரு பெயருக்கு இவ்வளவு என்று விலை.

பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு இது புதிதல்ல. ஆனால் இப்போது இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் எல்.ஐ.சி. 'பீமா சகி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடித்த, 18 வயது முதல் 70 வயது வரையிலான பெண்கள் ஏஜெண்டாகச் சேரலாம். விதித்த இலக்கை எட்டினால் கமிஷன் போக முதல் வருடம் மாதம் 7,000 ரூபாய், இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 உதவித்தொகை. வீட்டோடு இருந்த எத்தனையோ பெண்கள் கையில் பையோடு கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் என் நாத்தனார் சுமதியும் ஒருத்தி.

சுமதிக்குத் திருப்பூர். அவள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் ஆர்டர் குறைந்து, அவர் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றாகிவிட்டது. பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவனுக்கு நாலு வயது. அந்த நிலையில்தான் சுமதி ஏஜென்ஸி எடுத்தாள்.

தை மாதம் ஒரு நாள் போன் செய்தாள். "அண்ணி, ஒருத்தர் முந்நூறு பேர் லிஸ்ட் தர்றேங்கறார். எல்லாரும் பாலிஸி எடுக்க விருப்பம்னு சொன்னவங்களாம். ஒரு பேருக்கு ஐம்பது ரூபாய். பதினைந்தாயிரம் ஆகுது. சங்கிலியை வெச்சு வாங்கிடலாமான்னு இருக்கேன். இலக்கு வேற பாக்கி நிக்குதே!"

சங்கிலி என்றால் அவள் அம்மா போட்டது, இரண்டு பவுன். எனக்குப் பகீரென்றது. "ரெண்டு நாள் பொறு, நான் வர்றேன்" என்றேன்.

அரிசிக் கடையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்க்காமல் மூட்டை வாங்குகிறோமா? புடவைக் கடையில் முந்தானையை விரிக்கச் சொல்லிப் பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரி பத்துப் பெயர் மாதிரிக்குக் கொடுக்கச் சொல்லி சுமதியைக் கேட்க வைத்தேன். இன்னும் இரண்டு கேள்வியும் சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பெயர்களை எங்கே, எதற்காக வாங்கினீர்கள்? வேறு எத்தனை ஏஜெண்டுக்கு விற்றிருக்கிறீர்கள்? முதல் கேள்விக்கு அந்த ஆள் சிரித்தார். இரண்டாவதற்கு, "ஐந்து பேருக்கு மேல் தர மாட்டேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமான பதில்!

முதல் கேள்வி வெறும் வம்புக் கேள்வி அல்ல. ஒருவருடைய விவரத்தை அவர் சம்மதத்தோடுதான் வாங்க வேண்டும், எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்திருக்கிறது. துணிக்கடையில் குலுக்கல் பரிசுக்கென்று எழுதிப் போட்ட நம்பர், பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எழுதின நம்பர் எல்லாம் இப்படித்தான் கை மாறிக் கை மாறி வருகின்றன.

சுமதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கும் பேசினோம். "உங்கள் பெயர் ஒரு லிஸ்டில் இருந்தது, நீங்கள் கொடுத்ததுதானா?" என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு நம்பர் உபயோகத்திலேயே இல்லை. மூன்று பேர் எடுக்கவில்லை. ஒருவர், "1909-க்குப் புகார் பண்ணிடுவேன்" என்று கோபித்துக்கொண்டார். தொல்லை அழைப்பு வேண்டாம் என்று பதிந்து வைத்திருக்கிறாராம். இரண்டு பேர், "இந்த வாரத்திலே நீங்க நாலாவது ஆள்" என்றார்கள். இன்னொருவர் தாமே இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்! அவர் சுமதியை வேறு கம்பெனியில் சேரச் சொல்லிப் பத்து நிமிடம் பேசினார்.

பத்தாவது நம்பரை எடுத்தது ஒரு பெண். லிஸ்டில் இருந்த பெயர் அவள் கணவருடையது. "ஏனுங்க, அவரு போயி நாலு மாசமாச்சுங்க" என்றாள். மாரடைப்பு. நாற்பத்திரண்டு வயது. வேலம்பாளையத்தில் பவர் டேபிளில் தைக்கிறவள், ஒரு பையன். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட இருந்தேன். அப்போது அவளே, "நீங்க இன்ஷூரன்ஸ்காரங்கதானுங்களே, அவரு பேர்ல ஏதாச்சும் இருக்குதான்னு எப்படிங்க பாக்கறது?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, இதை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் பத்திரம் இல்லையென்றால் எதுவும் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. பாங்க் பாஸ்புக்கில் வரி வரியாகப் பார்க்க வேண்டும். மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ 436 ரூபாய் பிடித்திருந்தால், அது பெரும்பாலும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கான ஒரு வருடப் பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுதாரருக்கு 2 லட்ச ரூபாய் உண்டு. புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளைக்குள் மட்டும் விபத்து தவிர மற்ற மரணத்துக்குக் கிடையாது. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. கணக்கு இருக்கிற கிளையிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

மறுநாள் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தாள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் இருந்தது! கணக்குத் தொடங்கினபோது கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவளிடம் அவர் சொன்னதே இல்லை. கிளையில் முதலில் "அடுத்த வாரம் வாங்க" என்றுதான் அலைய விட்டார்கள். சுமதி இரண்டு தடவை கூடப் போனாள். இறப்புச் சான்றிதழ், நியமனதாரர் பெயர் எல்லாம் சரியாக இருந்ததால் ஏழு வாரத்தில் பணம் வந்தது. இதில் சுமதிக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. பஸ் செலவு 48 ரூபாய்.

லிஸ்ட் வாங்கவில்லை. மாதிரிப் பெயர்களைக் கிழித்துப் போட்டோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு பயிற்சி எடுத்த ஒரு தோழி சில வருடம் முன் 8,000 ரூபாய்க்கு 200 பெயர் வாங்கினாள். போனுக்கும் பஸ்ஸுக்கும் 1,100 ஆயிற்று. தேறியது இரண்டு பாலிஸி, வருடப் பிரீமியம் தலா 12,000. கமிஷன் திட்டத்துக்குத் திட்டம் மாறும். உதாரணத்துக்கு முதல் வருடம் 25 சதவீதம் என்று வைத்தால் 6,000 ரூபாய். முதலில் 3,100 நஷ்டம். அடுத்த வருடம் ஒருவர் பிரீமியமே கட்டவில்லை. 30 நாள் சலுகைக் காலமும் போய்ப் பாலிஸி காலாவதி ஆகிவிட்டது. மிஞ்சிய ஒன்றில் வருடம் 5 சதவீதம் என்றால் 600 ரூபாய். போட்ட முதல் திரும்பவே ஐந்து வருடத்துக்கு மேல்!

அதனால், ஒரு பெயர் என்ன விலை என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டாம் வருடப் பிரீமியம் கட்டுகிற ஒரு பாலிஸிக்கு எவ்வளவு செலவழித்தோம் என்றுதான் பார்க்க வேண்டும். பீமா சகிகளுக்கு இது இன்னும் முக்கியம். முதல் வருடம் சேர்த்த பாலிஸிகளில் 65 சதவீதமாவது நடப்பில் இருந்தால்தான் இரண்டாம் வருட உதவித்தொகை வரும். முகம் தெரியாத நம்பரில் தள்ளிவிட்ட பாலிஸிதான் முதலில் கவிழும்.

பெயர் வாங்குவதற்கு இன்னொரு வழியும் நடக்கிறது. முதல் பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்சிக்காரருக்கே திருப்பிக் கொடுப்பது. "பக்கத்து வீட்டுக்காரம்மா ஏஜெண்ட் பாதி தர்றேங்கறா, நீ எவ்வளவு தருவே?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. 1938-ஆம் வருட இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு இதைத் தடுக்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஒரு காலத்தில் அபராதம் 500 ரூபாய்தான். 2015 திருத்தத்தில் 10 லட்சம் வரை போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சட்டம் கிடக்கட்டும். முதல் வருடக் கூலியை உங்களிடமே கொடுத்துவிட்டவள், பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் கிளெய்முக்கு அலையும்போது கூட வருவாளா? நீங்களே சொல்லுங்கள்!

நான் பெயருக்காகச் செலவு செய்வதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மாதக் கமிஷனில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் இல்லை. கடன் வாங்கியோ நகை வைத்தோ கிடையாது. அதில் தினசரி காலண்டர் கொஞ்சம் போடுவேன். வருடம் முழுக்கச் சமையலறைச் சுவரில் தொங்குமே! (வாசகத்தைக் கம்பெனியில் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டுதான் அச்சடிக்க வேண்டும்.) பத்திரிகைக்குள் வைத்து அனுப்பும் நோட்டீஸில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது வடை எண்ணெய் ஒற்றத்தான் உதவும்.

வேலம்பாளையத்துப் பெண் சும்மா இருக்கவில்லை. தன் கம்பெனியில் கூடத் தைக்கிறவர்களிடமெல்லாம் பாஸ்புக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் பாஸ்புக்கோடு அவள் வீட்டில் கூடிவிட்டார்கள். அன்றைக்கு சுமதி ஒரு பாலிஸி பற்றியும் பேசவில்லை, யார் யாருக்கு என்ன பிடித்தம் போகிறது என்று மட்டும் பார்த்துச் சொன்னாள். அடுத்த ஞாயிறு நாலு பேர் அவர்களாகவே, "எங்க பிள்ளைக படிப்புக்கு என்னங்க வழி?" என்று கேட்டு வந்தார்கள்.

அதன் பிறகு அவள் சுமதியிடம் வெளிப்படையாகவே கேட்டாளாம். "ஆளுக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாமுங்களா? எங்களுக்குத்தான் பீஸ் ரேட் பழக்கமாச்சே!" சுமதிக்குக் கொடுக்க ஆசைதான். எனக்குப் போன் செய்தாள். முடியாது என்றேன். லைசென்ஸ் உள்ள ஏஜெண்டும் இடைத்தரகரும் தவிர வேறு யாருக்கும் வியாபாரம் பிடித்துத் தந்ததற்கென்று கூலி கொடுக்கக் கூடாது. அது 40-வது பிரிவு. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்றால், வேண்டாதவளையும் இழுத்துவரத்தானே தோன்றும்? பணத்துக்கு முடைப்படுகிறவளை அந்தச் சங்கடத்தில் ஏன் தள்ள வேண்டும்?

அவளே பத்தாவது முடித்திருந்தால் பரீட்சை எழுதச் சொல்லியிருப்பேன். எட்டாவதோடு நின்றுவிட்டாள். திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம் என்று சுமதி விண்ணப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கணக்குதான் பயமாக இருக்கிறதாம், அதனால் இன்னும் பூர்த்தி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கும் சுண்டலுக்கும் ஆகிற நூற்றைம்பது ரூபாயைச் சுமதி கொடுக்கிறாள். அந்தச் செலவை மட்டும் நோட்டில் 'பெயர்' என்ற தலைப்பின் கீழ்தான் எழுதுகிறாள்.