பழம்பொருளும் நேர்விலையும்: குழித்துறை முதல் கோட்டாறு வரை

குமரி மாவட்டத்தைக் காண வருவோர் முக்கடல் கூடும் முனையையும், சுசீந்திரத்துக் கோபுரத்தையும், திற்பரப்பு அருவியையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அவர்கள் காணாத குமரி ஒன்றும் உண்டு. அது நம் வீட்டு மச்சுகளிலும், பூட்டிய மரப்பெட்டிகளிலும், பிரித்துப் போட்ட பழைய வீடுகளின் நிலைகளிலும், சாலையோரத்து ஆக்கர் கடைகளிலும் கிடக்கின்றது. மேற்கே குழித்துறையிலிருந்து கிழக்கே கோட்டாறு வரை பேருந்தில் செல்லும் ஒருவர் சற்றே கூர்ந்து நோக்குவாராயின், இந்த மறைந்த குமரியையும் கண்டுகொள்ளலாம்.

பழம்பொருளை வாங்கி, துடைத்துச் சீர்ப்படுத்தி, வேண்டுவோர்க்கு விற்பதை உபதொழிலாகக் கொள்வோர் இந்நாளில் பலராகி வருகின்றனர். பணி ஓய்வு பெற்றோரும், பகலில் வேறு வேலை செய்யும் இளைஞரும், வீட்டிலிருந்தே நாலு காசு ஈட்ட விரும்பும் தாய்மாரும் இதில் ஈடுபடுகின்றனர். முன்னாளில் பழைய இரும்புக்கும் ஈயத்திற்கும் பேரீச்சம்பழம் கொடுத்துச் சென்ற வணிகர் தெருவில் வருவார். இன்று கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால், தொலைதூர நகரத்துச் சேகரிப்பாளர் இருந்த இடத்திலிருந்தே விலை சொல்லிவிடுகின்றார். ஆதலின் இத்தொழிலின் இயல்பையும், அதிலுள்ள அறத்தையும் ஆராய்வது நம் குடும்பங்களுக்குப் பயனளிக்கும்.

மரம் பேசும் வரலாறு

குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என விரியும் இப்பகுதி 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இணைந்திருந்தது. எனவே இங்குள்ள பழைய வீடுகள் தமிழகத்தின் பிற மாவட்டத்து வீடுகளைப் போன்றவை அல்ல. மழை மிகுந்த நாடாதலால் சரிந்த கூரை. தேக்கும் பலாவும் அயனியும் தாராளமாகக் கிடைத்தமையால் மரத்தாலான மச்சும் தூணும். நெல் சேமிக்கப் பெரிய பத்தாயம். காங்கிரீட் வீடு கட்டும் ஆவல் பெருகியபோது இவை ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. நிலையும் கதவும் கன அடிக் கணக்கில் விலை போயின; பத்தாயம் பலகையாகவும், பலகை விறகாகவும் மாறிய வீடுகளும் உண்டு.

பழைய மரத்தின் மதிப்பை அறிய விரும்புவோர் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை சென்று வருதல் நன்று. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரமே. இவ்வரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருப்பினும், கேரள அரசின் தொல்பொருள் துறையே இதனைப் பேணி வருகின்றது. முகப்பு மண்டபத்தின் மேல்தளத்தில் செதுக்கிய பூக்கள் 90. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பர். அவற்றையும் சித்திர வேலைப்பாடமைந்த தூண்களையும் பார்த்துத் திரும்பியவர், தம் வீட்டுக் கொல்லையில் சாய்ந்து கிடக்கும் நிலைப்படியை வேறு கண்ணோடு நோக்குவார் என்பதில் ஐயமில்லை.

பழைய மரம் வாங்குவோர் மூன்றைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, உள்ளே கறையான் அரித்த பொந்து உண்டா என்று தட்டிப் பார்த்தல். இரண்டாவது, மறைந்திருக்கும் இரும்பு ஆணி. அறுக்கும் வாளை அது கெடுத்துவிடும். மூன்றாவது, செதுக்கு வேலை உள்ளதைத் துண்டாக்காது முழுமையாகப் பேணுதல். முழுக் கதவாக நிற்கும் வரையில் அது கலைப்பொருள். அறுத்தபின் வெறும் பலகையே.

வெண்கலமும் சக்கரமும்

நாகர்கோவிலை அடைந்து வடசேரியும் கோட்டாறும் புகுந்தால், பேச்சு உலோகத்தைப் பற்றியதாக மாறும். வடசேரி, கோயில் நகைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். கோட்டாறு, தொன்மையான வணிகத் தலம். எவர்சில்வர் வந்தபின் நம் அடுக்களைகளிலிருந்து வெளியேறிய உருளியும், நிலவாயும், கிண்டியும், குத்துவிளக்கும் எடைக்கு எடை விற்கப்பட்டு உலைக்குச் சென்ற கதை நாம் அறிந்ததே. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. வெள்ளீயம் விலை மிகுந்தது. ஆதலால் வெண்கல உருளியைப் பித்தளை விலைக்குக் கொடுப்பவர் இழப்பது சிறிதன்று. தட்டினால் நீண்டு ஒலிக்கும் நாதமே வெண்கலத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

இம்மாவட்டத்திற்கே உரிய மற்றொரு செல்வம் திருவிதாங்கூர் நாணயம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது 28 சக்கரம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது, விரலிடுக்கில் நழுவிவிடும். அதனை எண்ணுவதற்கென்றே வரிசை வரிசையாகக் குழிகள் கொண்ட சக்கரப் பலகை இருந்தது. நாணயங்களைப் பலகையில் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். எஞ்சியதை வழித்தெடுத்தால் கணக்கு முடிந்தது. அத்தகைய பலகையை ஏதோ அடுக்களைச் சாமான் என்று எண்ணி எறிந்துவிடுவோரும் உளர்.

அவ்வாறே அஞ்சல் தலைகளும். திருவிதாங்கூர் தனக்கெனத் தனி ‘அஞ்சல்’ துறை நடத்தியது. 1888இல் சங்கு முத்திரை பொறித்த தன் முதல் அஞ்சல் தலைகளை வெளியிட்டது. 1951இல் அத்துறை இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. பாட்டனார் காலத்துக் கடிதக் கட்டில் இவை இருக்கக் கூடும். இவற்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்க வேண்டா. உறையோடும் முத்திரையோடும் இருப்பதே பெரும்பாலும் கூடுதல் மதிப்புடையது. நாணயத்தைப் புளியிட்டுத் துலக்குவதும் தவறு. காலம் பூசிய நிறமே அதன் சான்றிதழ். அதனைத் தேய்த்து அழித்தால் விலையும் தேய்ந்துவிடும்.

அறியாதவரிடம் வாங்குதல்

இங்கேதான் நம் உள்ளத்தை உறுத்தும் வினா எழுகின்றது. ஒரு மூதாட்டி தம் மகளின் மருத்துவச் செலவிற்காகப் பழைய பெட்டியைத் திறக்கின்றார் என்று கொள்வோம். அதிலுள்ள பொருளின் மதிப்பை அவர் அறியார். வாங்க வந்தவர் அறிவார். அவர் கேட்டது 100 ரூபாய். பொருளோ 5,000 ரூபாய் பெறும். கேட்ட விலையைக் கொடுத்தோமே, இதில் குற்றம் என்ன என்று வாங்கியவர் அமைதி கொள்ளலாமா?

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. புனித அகுஸ்தீனார் தமது ‘மூவொரு கடவுள்’ பற்றிய நூலில் ஒரு மனிதரைக் குறிப்பிடுகின்றார். அவரிடம் ஒரு கையெழுத்து நூல் விலைக்கு வந்தது. விற்பவர் அதன் மதிப்பை அறியாமல் மிகக் குறைந்த தொகையே கேட்டார். வாங்கியவரோ, விற்பவர் எதிர்பாராத அளவில் நேர்விலை முழுவதையும் எண்ணிக் கொடுத்தார். மலிவாக வாங்கி மிகுதியாக விற்க எல்லாரும் விரும்புவர் என்ற பேச்சு பொய் என்பதற்கே அகுஸ்தீனார் இதனை எடுத்துக்காட்டினார். பழம்பொருள் வணிகத்தின் அறம் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை மேலும் தெளிவாக்கினார். விற்பவர் அறியாமையால் பொன்னைப் பித்தளை என்று எண்ணி விற்க, உண்மையை அறிந்தே ஒருவர் வாங்கினால், அவர் அநீதியாக வாங்குகின்றார். அந்த இழப்பை ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அவர் முடிவு. அதே சமயம் அவர் வணிகத்தை வெறுத்தாரல்லர். வாங்கிய பொருளைச் சீர்ப்படுத்தியதற்காகவும், இடமும் காலமும் மாறியதால் விலை மாறியதற்காகவும், கொண்டு செல்வதில் ஏற்ற இடருக்காகவும் கூடுதல் விலை பெறுவது முறையே என்றார். குடும்பத்தைப் பேணவும் எளியோர்க்கு உதவவும் நாடும் அளவான ஆதாயம் குற்றமன்று.

ஆகவே, வண்டிச் செலவு, துலக்கிய கூலி, விற்கும் வரை முடங்கிய முதல், விலை போகாமல் தங்கிவிடும் பொருள்களால் நேரும் நட்டம் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு ஆதாயம் கொள்ளலாம். ஆனால் அறியாமையையே முதலாக வைத்து ஆதாயம் காண்பது வேறு. ‘அம்மா, இது பித்தளை அன்று, வெண்கலம், இதன் விலை இவ்வளவு’ என்று சொல்லி வாங்குபவரை ஊர் மறவாது. அடுத்த வீட்டுப் பெட்டியும் அவர் பொருட்டே திறக்கும். நேர்மை ஈண்டு அறம் மட்டுமன்று, நல்ல வணிகமும் ஆகும்.

சட்டம் கூறுவது

இத்தொழிலில் இறங்குவோர் சில சட்டங்களை அறிந்திருத்தல் கட்டாயம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. 100 ஆண்டிற்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் ஆகியவை அதன் பார்வையில் தொல்பொருள்கள். வரலாற்று, இலக்கிய மதிப்புடைய கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டே போதும். இவற்றை விற்கும் தொழில் நடத்த உரிமம் வேண்டும். தனியார் இவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புதல் கூடாது. மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம்.

இச்சட்டங்களைப் புறக்கணித்தால் விளைவது யாது? 1976இல் சோழநாட்டுப் பத்தூரில் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டுகையில் நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. அவர் அதைச் சிறு தொகைக்குக் கொடுத்துவிட்டார். கைமாறிக் கைமாறி அது இலண்டனை அடைந்தது. நீண்ட வழக்கின்பின் 1991இல் தமிழகம் திரும்பியது. தோண்டியவருக்குக் கிடைத்தது அற்பம். ஊருக்கு நேர்ந்ததோ பேரிழப்பு. கோயிலாயினும், ஆலயமாயினும், வழிபாட்டிடத்துப் பொருள் விலைக்கு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளாமல் தொடலாகாது.

காத்தலும் விற்றலும்

பழம்பொருளைத் தேடித் திரிவோர் நாட்டிற்கே நன்மை செய்ததும் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. பழைய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கியது. அது கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. எடைக்குப் போடவிருந்த காகிதம் தமிழின் நினைவாக நிலைத்தது, ஒருவர் அதன் மதிப்பை உணர்ந்தமையாலன்றோ?

உலகின் பிற பகுதிகளிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் அவர்தம் தோழரும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகளுக்குப் புதியதன்று. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அச்சபையினர், மக்கள் கொடுக்கும் பழைய ஆடை, நூல், வீட்டுச் சாமான் ஆகியவற்றைக் கடை வைத்து விற்று ஏழைகளுக்கு உதவுகின்றனர். ஆண்டிற்கொரு நாள் நம் பங்கு மண்டபங்களிலும் இத்தகைய விற்பனை நடத்தினால், ஒரு வீட்டில் தூசி படியும் பொருள் மற்றொரு வீட்டில் பயன்படும்.

எனினும் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. விற்குமுன் வீட்டுப் பெரியோரை அமர்த்தி, இது யாருடையது, எப்போது வந்தது என்று கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். கேட்டபின் சிலவற்றை விற்க மனம் வாராது. அவை குடும்பத்தின் சொத்து. விற்கத் துணிந்தவற்றிற்கோ அந்த வரலாறே மதிப்பைக் கூட்டும். வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் வெட்கமின்றிப் பார்க்கக் கூடிய விலையே நேர்விலை. அவ்விலையில் கைமாறும் உருளி எந்த வீட்டு அடுப்பில் ஏறினாலும் அங்கு பொங்குவது நிறைவாகவே இருக்கும்.