சக்கரத்தின் கறுப்பு

மும்பையில் கார் துடைப்பவர்களின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு பழைய துணிகள், கட்டடத்தின் பொதுக் குழாய். இவ்வளவுதான் மூலதனம். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் இவர்களில் பலர். ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய் கூலி. சாப்கள் ஆபீஸ் கிளம்புவதற்குள் ஒரு வரிசைக் கார்களை முடித்தாக வேண்டும். கூரை, கண்ணாடி, கதவு, பம்பர் என்று மேலிருந்து கீழே வருவார்கள். கடைசியில்தான் சக்கரம். அதற்குள் வாளித் தண்ணீர் கறுத்துவிடும், நேரமும் தீர்ந்திருக்கும்.

ஆனால் காரின் சொந்தக்காரர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சக்கரம்தான்.

"என்ன பையா, வண்டி பளபளங்குது, சக்கரம் மட்டும் கறுப்பாவே இருக்கே?"

"தேய்ச்சுப் பார்த்தேன் சாப், போக மாட்டேங்குது."

இந்தப் பேச்சு நகரத்தின் ஏதாவது ஒரு கட்டடத்தில் தினமும் நடக்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. சக்கரம் கறுப்புதான்; தேய்த்ததும் நிஜம்தான். போகாததற்குக் காரணம், அது தெருவிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காரே தன்னைத் தேய்த்துக்கொண்டு உதிர்த்த தூள்.

டிஸ்க் பிரேக்கின் வேலை எளிமையானது. சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட்கள் கவ்வுகின்றன. வண்டியின் வேகம் வெப்பமாக மாறுகிறது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தட்டிலிருந்து கொஞ்சம் இரும்பு, பேடிலிருந்து கொஞ்சம் பிசினும் நாரும் கரியும் தூளாக உதிர்கின்றன. லோனாவலாவிலிருந்து போர் காட் மலைச்சரிவில் கோபோலிக்கு இறங்கும் கார்களின் பிரேக் தட்டு சில நூறு டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டோடு பறக்கும் இரும்புத் துகள்கள் சக்கரத்தின் வார்னிஷ் போன்ற மேல்பூச்சில் பதிந்துகொள்கின்றன. பிசின் அவற்றைப் பிடித்து வைக்கிறது. பிறகு ஈரம் படுகிறது, துகள் துருப்பிடிக்கிறது, பூச்சுக்குள் வேர் விடுகிறது. சோப்புத் தண்ணீரில் அது அசையாது.

சந்தேகம் இருந்தால் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னதுதான் அதிகம் கறுத்திருக்கும். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் வேலையின் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. தவிர, பல சிறிய கார்களில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். அதன் தூள் டிரம்முக்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

பழைய மும்பைக்கு இந்தத் தொல்லை தெரியாது. கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிக்கு இரும்புச் சக்கரம், டிரம் பிரேக். சக்கரம் பளபளக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சியும் சாலையிலிருந்து விடைபெற்றது. இப்போது அலாய் வீல் காலம். அலுமினியத்தில் சிலிக்கானும் மக்னீசியமும் கலந்து வார்த்து, பெயின்ட் அடித்து, மேலே தெளிவான பூச்சு கொடுத்த சக்கரம். இரும்பைவிட அழகு. இரும்பைவிட ரோஷமும் அதிகம்.

இந்தச் சக்கரத்தில் இரண்டு விதக் கறைகள் வரும். இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் தவறு ஆரம்பமாகிறது.

முதலாவது பழுப்பு. அலுமினியம் ஒருபோதும் செந்துரு பிடிப்பதில்லை. ஆகவே சக்கரத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை பிரேக்கிலிருந்து வந்த இரும்பு. அந்நியச் சரக்கு; வெளியேற்ற முடியும்.

இரண்டாவது வெள்ளை. நடைபாதை ஓரத்தில் உரசிய இடத்திலோ, கல் தெறித்த இடத்திலோ பூச்சில் ஒரு கீறல் விழுகிறது. கடற்காற்றின் உப்பும் மழை ஈரமும் அதன் வழியே உள்ளே புகுகின்றன. பூச்சுக்கு அடியில் அலுமினியம் பூத்துப் போகிறது. வெள்ளைப் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள், கொப்புளம், கடைசியில் மாவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, ஆண்டு முழுவதும் கடல் உப்பு என்று வாழும் மும்பையில் இது சர்வ சாதாரணம். இது அழுக்கல்ல, உலோகமே அரிபட்ட புண். எந்த மருந்து ஊற்றிக் கழுவினாலும் ஆறாது. பூச்சை உரித்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. டயர் உட்காரும் விளிம்பில் இந்த அரிப்பு வந்தால் காற்று மெல்ல இறங்கும். அலுமினியச் சக்கரமும் இரும்பு ஹப்பும் சேரும் இடத்தில் வந்தால், நட்டுகளை எல்லாம் கழற்றிய பிறகும் சக்கரம் வராமல் அடம் பிடிக்கும். இவை டயர் கடையில் பார்க்க வேண்டிய வேலை. வாளிக்காரரின் வேலை அல்ல.

ஆனால் கறை கறைதான் என்று நினைப்பவருக்கு வைத்தியமும் ஒன்றுதான்: ஆசிட்.

இந்த நம்பிக்கைக்கு வேர் சமையலறையில் இருக்கிறது. தமிழ் வீடுகளில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்காத தலைமுறை இல்லை. பித்தளையில் அது சரி. மேலே படிந்த கறுப்பைப் புளிப்பு கரைக்கும். அடியிலுள்ள உலோகம் தாங்கும். அலுமினியம் அப்படியல்ல. தனக்குத் தானே போர்த்திக்கொண்ட மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதன் கவசம். டாய்லெட் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சரி, காஸ்டிக் சோடா போன்ற காரமும் சரி, அந்தக் கவசத்தைத் தின்றுவிடும். ஊற்றிய அன்று சக்கரம் மின்னும். சில வாரங்களில் மங்கும். அடுத்த மழைக்காலத்தில் பூக்கும்.

சக்கரத்தோடு போனால் பரவாயில்லை. கார் கழுவும் தொழிலில் புழங்கும் சில வீரியமான திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, தண்ணீரில் கரைந்து அதைத் தரும் அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கிறது. அலுமினியக் கறையை நொடியில் எடுக்கும் என்பதே அதன் பெருமை. மற்ற அமிலங்கள் பட்டவுடன் சுடும். கை தானாகப் பின்வாங்கும். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அந்த எச்சரிக்கையைக்கூடத் தருவதில்லை. காலையில் விரலில் பட்டால் வலி மாலையில் வரலாம், மறுநாளும் வரலாம். அதற்குள் அது தோலைத் தாண்டி இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பு வரை போயிருக்கும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பையே குலைக்கும். உடனே ஏராளமான தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். பெயர்ச்சீட்டு இல்லாத கேனிலிருந்து வாளியில் ஊற்றித் துணியை நனைப்பவருக்கு, தன் கையில் என்ன பட்டது என்பதே தெரியாது. பிறகு டாக்டரிடம் என்னவென்று சொல்வார்?

ஆசிட் வீச்சு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் கடைகளில் அமிலம் விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, வாங்கும் காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் வாங்கியவர் அதை யார் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்கிறார் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இத்தனைக்கும் நேரான வழி கஷ்டமானதே அல்ல. சக்கரம் ஆறிய பிறகுதான் தண்ணீரே படவேண்டும். சூட்டோடு நீரை அடித்தால் பிரேக் தட்டு கோணலாகலாம். எந்த மருந்தும் காய்ந்து கறையாகிவிடும். முதலில் நல்ல தண்ணீர், பிறகு கார் ஷாம்பு, மெல்லிய தூரிகை. அதற்கும் அசையாத பழுப்புக்கு அம்மோனியம் தயோகிளைக்கோலேட் கலந்த இரும்பு நீக்கி கிடைக்கிறது. முடியைச் சுருட்டும் லோஷனில் இருப்பதும் இந்தச் சரக்குதான். அந்த அழுகிய நாற்றமே சாட்சி. தெளித்த சில நிமிஷங்களில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். காய விடாமல் கழுவ வேண்டும். தேவைப்பட்டால் இன்னொரு தடவை. கம்பி நார் கூடவே கூடாது. கையுறை கட்டாயம். கடைசியில் மெழுகு பூசினால் அடுத்த முறை தூள் அவ்வளவு எளிதில் ஒட்டாது. சக்கரம் துடைத்த துணி கதவுப் பக்கம் போகக் கூடாது. அதில் இருக்கும் இரும்புத்தூள் பெயின்டில் கோடு கோடாகக் கீறும்.

காய்ந்த தூளைத் தட்டுவதோ, காற்றடித்து ஊதுவதோ மூச்சுக்கு ஆகாது. கல்நார் கலந்த பிரேக் லைனிங்குகள் இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடியவை. கல்நார் இல்லாத தூளும் நுரையீரலுக்கு உகந்ததல்ல. 2024இல் ஐரோப்பிய யூனியன் நிறைவேற்றிய யூரோ 7 சட்டம், புகைக்குழாயோடு நிற்காமல், பிரேக்கிலிருந்து உதிரும் தூளுக்கும் முதன்முறையாக உச்சவரம்பு வைத்தது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிக்கொள்ளும் எலெக்ட்ரிக் கார்களில் இந்தத் தூள் குறைவு. அவை எல்லா வீட்டு வாசலுக்கும் வரும் வரை தண்ணீரால் நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பு.

வாரம் ஒருமுறை நான்கு சக்கரங்களுக்கும் பதினைந்து நிமிஷம் ஒதுக்கினால் ஆசிட்டுக்கு வேலையே வராது. கறை ஏறுவது அந்தப் பதினைந்து நிமிஷம் யாருக்கும் இல்லாததால்தான். சில நூறு ரூபாய் மாதக் கூலியில் அந்த நேரம் அடங்கியிருக்கவில்லை. ஆகவே பதினைந்து நிமிஷ வேலையை ஒரு நிமிஷத்தில் முடிக்கும் கேன் உள்ளே வருகிறது. நேரத்தை மிச்சப்படுத்துபவர் ஒருவர், அதற்குக் கையைக் கொடுப்பவர் இன்னொருவர். ஒரு ஜோடி ரப்பர் கையுறை, சக்கரத்துக்கென்று தனித் துணி, கூலியில் கொஞ்சம் கூடுதல். ஒரு அலாய் வீலுக்கு மறுபெயின்ட் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் போகாமல் நிற்கலாம். நிற்கட்டும். சக்கரத்தின் முகத்தில் புள்ளி இருப்பதால் எந்தக் காரும் வழியில் நின்றதில்லை. அரிபட்ட சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரமும் கடையில் கிடைக்கிறது. விரலுக்குக் கிடைக்காது.