தண்ணி ஏறினாத்தான் இழுக்கலாம்

தேர் வடம் பிடிக்கிற நமக்கு இன்னைக்கு ஒரு கப்பல் கதை.

2025 நவம்பர் 19 ராத்திரி, தென் கொரியாவின் ஜேஜுவிலிருந்து மொக்போ போன 26,000 டன் பயணிகள் கப்பல், ஆளில்லாத ஒரு சின்னத் தீவு மேல ஏறி நின்னுடுச்சு. உள்ளே 267 பேர். 2014-ல் செவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேரைப் பறிகொடுத்ததும் அந்தப் பக்கத்துக் கடல்தான். எப்படிப் பதறியிருப்பாங்க! கடலோரக் காவல் படை நடு ராத்திரிக்குள்ள எல்லாரையும் இறக்கிடுச்சு.

இழுவைப் படகுகள் உடனே இழுக்கலை. தண்ணி ஏறட்டும்னு காத்திருந்தாங்க. அமாவாசை நேரம், கடல் ஏற்றமும் பெருசு. விடியுமுன்னே தண்ணி கப்பலைத் தாங்க, படகுகள் பின்பக்கமா இழுத்து மிதக்க வச்சிடுச்சு. தேர்ச் சக்கரம் பள்ளத்துல இறங்கினா நாங்களும் அப்படித்தானே? முதல்ல கூட்டத்தை விலக்குவோம். நெம்பி, சக்கரம் எழும்பின பிறகுதான் வடத்தைத் தொடுவோம். நூறு பேர் சேர்ந்து வெறுமனே இழுத்தா வடம்தான் அறும்.

கப்பலைச் செலுத்தின அதிகாரி அப்போ கைப்பேசி பார்த்துக்கிட்டிருந்தாராம். அதனால, இந்த வருஷம் தேருக்கு முட்டுக்கட்டை போடுற தொண்டர்கள் கைப்பேசியை ஆலய ஆபீஸ்ல கொடுத்துட்டு வாங்க. பேர் எழுதின பை தயாரா வச்சிருக்கோம்.