அரண்மனையும் பூங்காவும் ஒரே நாளில்

கண்டி அரண்மனையையும் பேராதனைப் பூங்காவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று எமது தோட்ட மகளிர் குழுவினர் கேட்டனர். இரண்டுக்கும் இடையே சுமார் 6 கிலோமீற்றர்தான். விடியற்காலையில் சோற்றுப் பார்சல்களுடன் பஸ் ஏறினோம்.

முதலில் அரண்மனை. அரசியர் வாழ்ந்த பகுதி இன்று தேசிய நூதனசாலையாக உள்ளது. நாயக்க மன்னர்களுக்கு மதுரையிலிருந்து மணப்பெண்கள் வந்ததையும், 1815இல் பிடிபட்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மறு ஆண்டில் குடும்பத்துடன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டதையும் விளக்கினேன். குழுவில் மூத்தவரான அம்மா அப்படியே படியில் அமர்ந்துவிட்டார்.

"எங்க அக்காவையும் இப்படித்தான் மிஸ் கப்பலேத்துனாங்க" என்றார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா அனுப்பப்பட்டவர் அந்த அக்கா. பின்னர் இருவரும் சந்திக்கவேயில்லை.

பகலுணவைப் பூங்காவில் உண்டோம். 1821இல் ஆரம்பிக்கப்பட்ட இப்பூங்கா 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி கங்கை. ஆறுதலாக நடக்க மூன்று மணித்தியாலமாவது தேவை. எனவே அரண்மனையைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடி இங்கேதான் நடப்பட்டது என்றேன்.

"அந்தச் செடியை யாரும் திரும்பிப் போன்னு சொல்லலியே" என்றார் அம்மா.

திரும்பும் வழியில், உடன் வந்த பேத்திக்கு அக்காவின் கதையை முதன்முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சகோதரிகளே, சுற்றுலா செல்லும்போது வீட்டிலுள்ள முதியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களிடமும் நாம் அறியவேண்டிய சரித்திரம் உண்டு.